எந்த பாடிக்கு எந்த லென்ஸ்: ராமநாதபுரம் கடற்கரையில் படமெடுப்பவர்களுக்கு

பழைய லென்ஸ் வாங்கப் போனால் நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். பாடியில் (கேமரா உடலில்) மாட்டுமா? மாட்டினால் ஆட்டோஃபோகஸ் ஓடுமா? சென்சார் (படம் பதியும் சில்லு) முழுவதையும் வெளிச்சம் எட்டுமா? எடுக்க நினைக்கும் பொருள் படத்தில் போதிய அளவுக்கு விழுமா?

பெரும்பாலானோர் நான்காவதிலிருந்து தொடங்குகிறார்கள். "600 மி.மீ. இருக்கு, பூநாரை பக்கத்துல வந்துடும்" என்று வாங்கி வந்த பிறகு முதல் மூன்றில் ஏதோ ஒன்று கைவிடும். உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்ததும், மிரர் உள்ள நல்ல டிஎஸ்எல்ஆர் பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் நிறையவே கிடைக்கின்றன. ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை ஸ்டுடியோக்காரர்கள் சிறிய கிராப் சென்சாரிலிருந்து பெரிய ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவதும் இப்போதுதான் கட்டுப்படியாகிறது. மாறும்போது பழைய லென்ஸில் எது கூட வரும், எது வராது என்று தெரியாவிட்டால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

சென்சார் அளவு

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ. பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு அது. மூலைக்கு மூலை 43.3 மி.மீ. கிராப் சென்சார்களில் நிக்கானின் டிஎக்ஸ் சுமார் 23.5 × 15.6 மி.மீ.; மூலைவிட்டம் 28 மி.மீ. கேனான் ஏபிஎஸ்-சி இன்னும் கொஞ்சம் சிறியது: 22.3 × 14.9 மி.மீ., மூலைவிட்டம் 27 மி.மீ.க்குச் சற்றே குறைவு. 1.5, 1.6 என்று சொல்லப்படும் கிராப் கணக்கு இந்த மூலைவிட்டங்களின் விகிதம்தான்.

லென்ஸ் உள்ளே வீசும் படம் வட்டமானது. ஃபுல் ஃப்ரேமுக்குச் செய்த லென்ஸ் 43 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள வட்டத்தை வீசும். கிராப் சென்சாருக்கென்றே செய்தது சுமார் 28 மி.மீ. வட்டத்தோடு நின்றுவிடலாம், அதனால்தான் அது சிறியதாகவும் விலை குறைவாகவும் இருக்கிறது. பெரிய வட்டத்துக்குள் சிறிய சென்சார் தாராளமாக அடங்கும், எந்தக் கேடும் இல்லை. சிறிய வட்டத்துக்குள் பெரிய சென்சார் அடங்காது, மூலைகள் கறுக்கும். மூன்றாவது கேள்விக்கு உரிய பதில் இவ்வளவுதான்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே கழித்துவிடலாம். கிராப் பாடியில் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. ஆகிவிடுவதில்லை. லென்ஸ் வீசும் உருவம் அதே அளவுதான். சுற்றியுள்ள பகுதி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்டது பெரிதாகத் தெரிவதும், உண்மையில் விவரம் கூடுவதும் வேறு வேறு. இதைப் பூநாரைக்கு வரும்போது கணக்கு போட்டே பார்ப்போம்.

கேனான்

கேனானில் குழப்பம் குறைவு. 1987ல் வந்த இஎஃப் மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) ஆட்டோஃபோகஸ் உள்ள எல்லா லென்ஸுக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சிவப்புப் புள்ளி உள்ள இஎஃப் லென்ஸ் எந்த இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டும், ஃபோகஸ் ஓடும்.

வெள்ளைச் சதுரம் உள்ளது இஎஃப்-எஸ். 2003ல் 300டி பாடியோடு வந்தது. இதன் பின்பக்கக் கண்ணாடி சென்சாரை நெருங்கி உள்ளே நீட்டியிருக்கும். கிராப் பாடியின் மிரர் சிறியது, இடிக்காது. 6டி, 5டி வரிசையின் பெரிய மிரர் மேலெழும்போது அந்தக் கண்ணாடியில் மோதும். அதைத் தடுக்கவே ஃபுல் ஃப்ரேம் பாடியில் ஏறாதபடி மவுண்ட்டை அமைத்திருக்கிறார்கள். பின்பக்க ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டு மாட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. மிரர் உடைந்தால் மாற்றும் செலவு லென்ஸின் விலையைத் தாண்டும்; அந்த வேலையே வேண்டாம். 300டிக்கு முந்தைய 10டி, டி60, டி30 மூன்றும் கிராப் பாடிகள்தான், ஆனாலும் அவை இஎஃப்-எஸ் ஏற்காது.

ஆக, பாடியோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸும் 55-250ம் வைத்திருப்பவர் 6டி வாங்கினால் இரண்டுமே வீட்டோடுதான். 50 மி.மீ. எஃப் 1.8 மட்டும் கூட வரும் (எஃப் என்பது வெளிச்சம் நுழையும் துளையின், அதாவது அப்பர்ச்சரின், அளவு; எண் சிறிதானால் துளை பெரிது). பாடி வாங்கும் பட்ஜெட்டிலேயே ஒரு 24-105க்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிக்கான்: மாட்டும், ஆனால்...

எஃப் மவுண்ட் 1959லிருந்து வருகிறது. வாய் மாறவில்லை, உள்ளே இருக்கும் ஏற்பாடு பலமுறை மாறிவிட்டது. "அண்ணே, நிக்கான்ல எல்லாம் மாட்டும்" என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை. மாட்டிய பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

முதலில் மோட்டார். ஏஎஃப், ஏஎஃப்-டி என்று எழுதிய லென்ஸ்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியில் உள்ள மோட்டார்தான் திருக வேண்டும். பாடியின் மவுண்ட் வளையத்தைப் பாருங்கள். சிறிய ஸ்க்ரூ டிரைவர் முனை போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் உண்டு. டி90, டி7000 வரிசை, டி300, டி500, டி610, டி750, டி810, டி850 ஆகியவற்றில் இருக்கிறது. டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசையில் இல்லை. டி5600 வைத்திருப்பவர் மலிவாகக் கிடைக்கிறதென்று 50 மி.மீ. 1.8 டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அவருக்கு வேண்டியது ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. 1.8 ஜி.

அடுத்தது ஏஎஃப்-பி. 2016லிருந்து டி3400, டி5600 போன்ற பாடிகளோடு கிட்டாக வந்த 18-55, 70-300 இந்த வகை. ஃபோகஸ் சத்தமில்லாமல் வேகமாக ஓடும், நல்ல லென்ஸ்கள்தான். ஆனால் டி90, டி7000, டி5100, டி3100 போன்ற பழைய பாடிகளில் இவை ஃபோகஸ் ஆகவே ஆகாது. கையால் திருகினாலும் ஆகாது, ஏனென்றால் அந்த வளையமே மின்சாரத்தில்தான் இயங்குகிறது. டி5200, டி5300, டி3300க்கு ஃபர்ம்வேர் (பாடியின் உள் மென்பொருள்) புதுப்பித்தாக வேண்டும்.

மூன்றாவது, இ வகை. 200-500 எஃப் 5.6 இந்த வகையைச் சேர்ந்தது, பறவை எடுப்பவர்கள் அதிகம் தேடுவதும் இதைத்தான். துளையை மூடித் திறக்கும் லீவர் இதில் இல்லை, மின்சாரத்தில் நடக்கிறது. டி80, டி90, டி200, டி3000 போன்ற பழைய பாடிகளில் துளை முழுக்கத் திறந்தே நிற்கும். ஃபோகஸ் ஓடுவதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று காசு கொடுத்துவிடாதீர்கள்.

அப்பர்ச்சர் வளையம் உள்ள டி வகை லென்ஸை மாட்டியதும் திரையில் எஃப்இஇ என்று வந்தால் பயப்பட வேண்டாம். வளையத்தை மிகச் சிறிய துளைக்கு, பெரும்பாலும் 16 அல்லது 22க்கு, திருப்பிப் பூட்டினால் போய்விடும். ஏஐ, ஏஐ-எஸ் காலத்துக் கைஃபோகஸ் லென்ஸ்கள் டி7000, டி7100, டி7200, டி750 முதலானவற்றில் மீட்டர் (வெளிச்ச அளவு) காட்டும். ஃபோகல் நீளத்தையும் (லென்ஸில் எழுதிய மி.மீ. எண்) மிகப் பெரிய துளையையும் மெனுவில் பதிந்தால் போதும். டி7500ல் மட்டும் அதற்கான நெம்புகோலை எடுத்துவிட்டார்கள், மீட்டர் வராது. 1977க்கு முந்தைய, ஏஐயாக மாற்றப்படாத லென்ஸை அந்த நெம்புகோல் உள்ள பாடியில் திருகினால் நெம்புகோல் வளையும் அல்லது உடையும்.

டிஎக்ஸ் லென்ஸை ஃபுல் ஃப்ரேம் நிக்கானில் மாட்டினால் மிரர் இடிக்காது. பாடி தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். விலை பிக்சலில்தான். 24 மெகாபிக்சல் டி750 சுமார் 10 மெகாபிக்சலுக்கு இறங்கிவிடும். 45.7 மெகாபிக்சல் டி850 சுமார் 19 தரும், அது தாராளம். இந்தத் தானியங்கி வெட்டை நிறுத்திப் பார்ப்பதும் வீண் போகாது. 35 மி.மீ. 1.8 டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேமிலும் கறுத்த மூலைகளோடு பெருமளவு மூடும். சதுரமாக வெட்டினால் பயன்படும்.

சிக்மா, டாம்ரான், டோக்கினா

இவர்கள் தங்கள் தங்கள் குறிகளை வைத்திருக்கிறார்கள். கிராப்புக்குச் செய்தவை: சிக்மாவில் டிசி, டாம்ரானில் டிஐ 2, டோக்கினாவில் டிஎக்ஸ். ஃபுல் ஃப்ரேமுக்கு: சிக்மா டிஜி, டாம்ரான் டிஐ, டோக்கினா எஃப்எக்ஸ். கேனான் மவுண்ட்டில் வரும் இவர்களின் கிராப் லென்ஸ்கள் இஎஃப்-எஸ் வாயை வைத்திருப்பதில்லை, சாதாரண இஎஃப் வாய்தான். அதனால் 6டியிலும் ஏறிவிடும். ஏறியதாலேயே ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் என்று நம்பி வாங்கிவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில் முதல் குரூப் போட்டோ எடுக்கும்போதுதான் மூலை கறுத்திருப்பது தெரியும். விதிவிலக்காக டோக்கினா 11-16 ஃபுல் ஃப்ரேமிலும் 15, 16 மி.மீ.யில் வட்டம் போதும்.

ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் கேனான் டிஜிட்டல் பாடியில் துளை முழுக்கத் திறந்திருக்கும்வரை வேலை செய்யும், துளையைக் குறைத்ததும் எர்ரர் 99 காட்டி நிற்கும். கடையில் ஒரே ஒரு படம் எடுத்துச் சோதித்தால் இது அகப்படாது.

ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி பாடியில் மாட்ட நினைத்தால் மவுண்ட்டிலிருந்து சென்சார்வரை உள்ள தூரத்தைப் பாருங்கள். நிக்கான் 46.5 மி.மீ., கேனான் 44 மி.மீ. மிச்சமுள்ள 2.5 மி.மீ.யில் அடாப்டர் வளையம் அடங்கும் என்பதால் நிக்கான் லென்ஸ் கேனானில் கைஃபோகஸில் ஓடும். தலைகீழாக, கேனான் லென்ஸை நிக்கானில் வைத்தால் தொலைதூரம் ஒருபோதும் ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸ்ஸில் அந்தத் தூரம் இன்னும் குறைவு (கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16 மி.மீ.), எனவே டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டரோடு அங்கே கொண்டுபோகலாம், அங்குள்ளதை இங்கே கொண்டுவர முடியாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாம்பனில் ஒரு கணக்கு

எவ்வளவு அகலம் படத்தில் விழும் என்று போகும் முன்பே தெரிந்துகொள்ள எளிய சூத்திரம் உண்டு: தூரத்தை சென்சாரின் அகலத்தால் பெருக்கி, ஃபோகல் நீளத்தால் வகுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கும் பகுதி 72.5 மீட்டர் நீளம். அதற்கு நேர் எதிரே 100 மீட்டரில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. போட்டால் 72 மீட்டர் விழும், தூக்குப் பகுதி ஏறக்குறைய அப்படியே சட்டத்தை நிறைக்கும். இரு கோபுரங்களுக்கும் மூச்சுவிட இடமிருக்காது. அதே 50 கேனான் கிராப்பில் சுமார் 45 மீட்டரைத்தான் பிடிக்கும். கிராப்பில் 72 மீட்டர் வேண்டுமானால் 31 மி.மீ. வேண்டும், அதாவது கிட் லென்ஸின் நடுப்பகுதி. கோபுரங்களும் தண்ணீரும் சேர்ந்து வர 18 மி.மீ.; 124 மீட்டர் கிடைக்கும்.

பாலத்துக்குக் கிராப் பாடியும் கிட் லென்ஸும் போதும் என்று இதிலிருந்தே தெரியும். எஃப் 8ல் அந்த லென்ஸ் மூலைவரை கூர்மையாகவே இருக்கும். 10-18, 10-20 போன்ற மிக அகன்ற லென்ஸ் தேவைப்படுவது தனுஷ்கோடியில்தான்: 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர்களுக்கு மிக அருகில் நின்று எடுக்கும்போது. போலரைசர் போட்டிருந்தால் அகன்ற லென்ஸில் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் விழும். கடலுக்கு அது நல்ல ஃபில்டர், 24 மி.மீ.க்குக் கீழே வானம் சட்டத்தில் நிறைய இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கல்யாண ஜோடிகளின் அவுட்டோர் ஷூட்டுக்குத்தான் ஃபுல் ஃப்ரேம் தன் விலைக்கு வேலை செய்கிறது. 85 மி.மீ. எஃப் 1.8ல் கிடைக்கும் பின்புல மங்கலைக் கிராப்பில் பெற 56 மி.மீ. எஃப் 1.2 வேண்டும், அது விலையுள்ள சமாசாரம். பொழுது சாய்ந்த பின் அதே சட்டத்தை அதே துளையில் எடுத்தால் ஃபுல் ஃப்ரேமில் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிச் சிதறல்) ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இருமடங்காகும் ஒரு படி) சற்று அதிகமாகவே குறைவு.

பூநாரைக்கு ஃபுல் ஃப்ரேம் வேண்டாம்

தனுஷ்கோடியின் பூநாரைகள் சாலையை ஒட்டிய சேற்றுநீர்ப் பரப்பில் இரை தேடும். அந்த இடம் 2025ல் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சேற்றில் இறங்கி அருகே போவது பறவைக்கும் நல்லதல்ல, கேமராவுக்கும் நல்லதல்ல. ஆகவே தூரத்தை லென்ஸ்தான் சமாளிக்க வேண்டும்.

பறவையின் உயரத்தை மீட்டரில் எடுத்து ஃபோகல் நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் உயரம் மி.மீ.யில் கிடைக்கும். 1.3 மீட்டர் பூநாரை, 200 மீட்டர் தூரம், 500 மி.மீ. லென்ஸ் என்றால் 3.25 மி.மீ. எந்த பாடியானாலும் அந்த 3.25 மாறாது. மாறுவது அதற்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதுதான். டி750ல் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பறவை சுமார் 540 பிக்சல் உயரம் வரும். டி500ல் 4.2 மைக்ரான், சுமார் 770. கேனான் 90டியில் 3.2 மைக்ரான், அதே நீள லென்ஸில் ஆயிரத்தைத் தொடும். டி850 ஃபுல் ஃப்ரேமாக இருந்தும் 4.35 மைக்ரான் என்பதால் டி500க்கு அருகில் வந்துவிடும், விலைதான் வேறு.

770 பிக்சலை 300 டிபிஐயில் அச்சிட்டால் ஆறரை செ.மீ. உயரப் பறவை. பத்திரிகையில் ஒரு பத்தி அகலத்துக்கு அது போதும், சுவர்ப்படத்துக்குப் போதாது. ஃபுல் ஃப்ரேமின் இரைச்சல் சலுகையும் இங்கே உதவாது. எப்படியும் நடுப்பகுதியை வெட்டித்தான் எடுக்கப்போகிறீர்கள். வெட்டியபின் மிஞ்சுவது கிராப் சென்சார் அளவோ அதைவிடக் குறைவோதான். பறவைதான் நோக்கம் என்றால் டி7200, டி500, 7டி மார்க் 2, 90டி போன்ற கிராப் பாடியும் ஃபுல் ஃப்ரேம் டெலி லென்ஸும் சேர்ந்த ஜோடியைத்தான் வாங்கச் சொல்வோம்.

பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி ஃபோகல் நீளத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் வாங்கலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். எஃப் 5.6 லென்ஸ் எஃப் 8 ஆகும். டி500, டி7200, 7டி மார்க் 2 நடு ஃபோகஸ் புள்ளியில் எஃப் 8 வரை பிடிக்கும், டி5600 போன்றவை தடுமாறும். 150-600 எஃப் 6.3 லென்ஸில் போட்டால் எஃப் 9. டிஎஸ்எல்ஆரில் அதை நம்ப முடியாது. கேனானின் சொந்தக் கன்வர்ட்டருக்கு முன்புறம் மூக்கு நீட்டியிருக்கும், பெரிய எல் வகை (கேனானின் உயர்தர) டெலிகளில்தான் நுழையும். 55-250, 70-300 போன்றவற்றில் வற்புறுத்தி நுழைத்தால் பின்கண்ணாடி சிராய்க்கும்.

லென்ஸைவிட முக்கியம் நேரம். வெயில் ஏறி மணல் சுட்டுவிட்டால் கானல் எழும். 200 மீட்டருக்கு அப்பால் உள்ள பறவை 600 மி.மீ.யிலும் நெளிந்துதான் தெரியும். லென்ஸ் பழுது என்று சர்வீஸுக்கு அனுப்பும் முன் காலை ஏழு மணிக்கு அதே தூரத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வாடைக்காற்று மாதங்களில் பெரிய ஹூட் பாய் போலக் காற்றை வாங்கும். டிரைபாடின் நடுத்தண்டை ஏற்றாமல் தாழ்வாக வையுங்கள். கையில் பிடித்தால் கிராப் பாடியில் 300 மி.மீ.க்கு ஷட்டர் 1/500க்குக் குறையக் கூடாது. பறக்கும் ஆலாவுக்கு 1/2000.

காசு கொடுக்கும் முன்

சொந்த பாடியைக் கையோடு கொண்டுபோங்கள், கடைக்காரர் பாடியில் சோதிப்பதில் பயனில்லை. மாட்டும் முன் பின்பக்கச் செப்பு முனைகளைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புக்காற்றில் கிடந்த லென்ஸ். திருகும்போது தடங்கினால் நிறுத்துங்கள். மாட்டியதும் அருகே ஒன்று, தொலைவில் ஒன்று என மாறி மாறி ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு வெளியே வந்து மேகமில்லாத வானத்தை, ஃபோகஸைத் தொலைதூரத்தில் நிறுத்தி, ஜூமின் இரு கோடியிலும் எடுங்கள்: துளை முழுக்கத் திறந்து ஒன்று, எஃப் 8ல் ஒன்று, எஃப் 16ல் ஒன்று. எஃப் 8லும் மூலை கறுப்பாகவே இருந்தால் வட்டம் போதவில்லை. திறந்த துளையில் மட்டும் இலேசாக மங்கி எஃப் 8ல் சரியானால் அது எல்லா லென்ஸுக்கும் உள்ள குணம். மூன்றிலும் வெளிச்சம் மாறாமல் நடந்தால் துளை ஒழுங்காக மூடித் திறக்கிறது. எஃப் 16 படத்தில் தெரியும் புள்ளிகள் சென்சார் தூசி, லென்ஸ் குற்றமல்ல.

கடைசியாக லென்ஸைக் கழற்றி, துளையைத் திறந்து, செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஈரத்தில் பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்த லென்ஸ்களில் இது சகஜம். மூலையில் துளி என்றாலும் வாங்காதீர்கள்.

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனையில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஆண்கடல் (மன்னார் வளைகுடா), பெண்கடல் (பாக் நீரிணை) இரண்டின் காற்றும் அங்கே மணலோடு வரும். இரண்டு லென்ஸ் வேண்டுமென்றால் மண்டபத்திலோ ராமேசுவரம் அறையிலோ மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், அல்லது வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேமராவை அணைத்து, வாய் கீழ்நோக்கியபடி மாற்றுங்கள். திரும்பி வந்ததும் முதலில் புளோயர், அதன்பின்தான் துணி. மணல் இருக்கும்போது துணி போட்டால் கண்ணாடி கீறும். வாயால் ஊதினால் எச்சில் பட்டு கறை படியும். பாடியையும் லென்ஸ் குழலையும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தால் உப்பு போகும். மவுண்ட் வளையத்துக்கு உலர்ந்த துணி மட்டும். வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு சிறிய ஈரமானியும் போடுங்கள். ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் சரி. 60ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்துக் காயவைக்கவோ மாற்றவோ வேண்டும்.